திருச்சானூர் தந்த சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார்

திருப்பதி மலையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு கீழே இறங்கும் நம்மவர்கள், திருச்சானூருக்குப் போய்ப் பத்மாவதித் தாயாரையும் சேவித்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். அலமேலுமங்காபுரம் என்றால் நம் பாட்டிமாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தத் திருச்சானூரில்தான் 1891-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார் பிறந்தார். டெல்லி லோக்சபையில் சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்த இரண்டாவது மனிதர் அவர்.

அவர் பிறந்தபோது சித்தூர் ஜில்லா என்று ஒன்று கிடையாது. திருப்பதியும் சந்திரகிரியும் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தன. சித்தூர் ஜில்லா 1911-ல்தான் பிரிக்கப்பட்டது. ஆகவே, அவர் பிறந்த ஊர் முதலில் வட ஆற்காட்டில் இருந்தது, பிறகு சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. சென்னை மாகாணத்தில் இருந்து ஆந்திர மாநிலத்துக்கும், அதன் பின் ஆந்திரப் பிரதேசத்துக்கும் போயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே மாட்டிய பலகைதான் மாறிக்கொண்டு வந்தது. இந்த மாற்றங்களில் சில, பின்னாளில் அவர் தலைமை வகித்த சபையிலேயே நடக்கவிருந்தன.

திருப்பதி தேவஸ்தானப் பள்ளியில் படித்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அடுத்துச் சட்டக் கல்லூரி. 1912-ல் கணக்கு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தார். 1915-ல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வக்கீல் ஆனார். வழக்குகளின் விவரம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும் என்று பெயர். காந்திஜி ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, 1921-ல், ஒரு வருஷம் கோர்ட்டுப் பக்கம் போகாமல் தொழிலை நிறுத்தினார். தீண்டாமை ஒழிப்பிலும் ஹரிஜன சேவா சங்க வேலையிலும் ஈடுபட்டார். கோயில் ஊரில் பிறந்த அய்யங்கார் அந்தக் காலத்தில் அந்த வேலையில் இறங்குவது லேசான காரியம் அல்ல.

யாருக்கு ஓட்டு?

1934-ம் ஆண்டு டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை, கர்நூல் ஆகிய ராயலசீமை ஜில்லாக்களையும் சித்தூரையும் சேர்த்து ஒரே தொகுதி. காங்கிரஸ் சார்பில் அய்யங்கார் நின்றார், ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 43.

அந்தத் தேர்தல் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓட்டு என்பது நிலவரி கட்டுகிறவனுக்கும் வருமான வரி கட்டுகிறவனுக்கும் உரிய சொத்து. கூலிக்காரனுக்கு ஓட்டு இல்லை. குத்தகைக்கு உழுகிற ஏழைக்கும், மாதச் சம்பளத்தில் வாடகை வீட்டில் குடியிருந்த சின்ன குமாஸ்தாக்களில் பெரும்பாலோருக்கும் இல்லை. மதவாரியாகத் தனித்தனித் தொகுதிகள் வேறு. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர்தான். அவர்களில் பெண்கள் ஒரு லட்சம்கூட இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு பார்லிமெண்டுத் தொகுதியில் 15 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருப்பது சர்வ சாதாரணம். அன்று அது தேசம் முழுவதற்கும் சேர்த்த எண்ணிக்கை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்று வருஷத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சபையின் ஆயுளை வைசிராய் நீட்டிக்கொண்டே போனார். யுத்தமும் வந்தது. மறு தேர்தல் 1945-ல்தான் நடந்தது. நடுவில் 11 வருஷம். ஓட்டுப் போட்ட அந்தச் சிலருக்கும் மறுபடி ஓட்டுப்பெட்டியைப் பார்க்கும் வாய்ப்பு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் வருவதை அலுப்போடு பேசுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எம்டன்

அந்தச் சபையில் சர்க்கார் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களை அய்யங்கார் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுத் துளைத்தார். வரவு செலவுக் கணக்கு அவருக்கு அல்வா மாதிரி. பழைய கணக்கு வாத்தியார் அல்லவா? அவர் எந்தப் பக்கம் இருந்து எப்போது குண்டு போடுவார் என்று தெரியாமல் வெள்ளைக்கார அதிகாரிகள் தவித்தார்கள். ஐரோப்பிய அரசியல் விமர்சகர் ஒருவர் அவருக்கு எம்டன் என்றே பெயர் வைத்துவிட்டார். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல்தான் எம்டன். சாமர்த்தியசாலியை எம்டன் என்று நம் ஊரில் சொல்வதும் அந்தக் கப்பலால் வந்ததுதான்.

1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகம், 1942-ல் ஆகஸ்டு இயக்கம். இரண்டிலும் சிறை சென்றார்.

சுதந்திரம் வந்ததும் அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். கிராமப் பஞ்சாயத்துக்கு அரசியல் சட்டத்தில் இடம் வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு, 1948 ஏப்ரல் 3-ந் தேதி, மதத்தையும் சாதியையும் வைத்து ஆள் சேர்க்கும் அமைப்புகள் அரசியல் நடத்த அனுமதிக்கக்கூடாது என்ற தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தவர் அய்யங்கார்தான். நேரு அதை ஆதரித்தார். தீர்மானம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு எவ்வளவு தூரம் வந்தது என்பதை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும் வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1950-ல் பார்லிமெண்டில் மதிப்பீட்டுக் குழு முதன் முதலாக அமைக்கப்பட்டபோது அதன் தலைவர் பதவி அவருக்கு வந்தது. சர்க்கார் இலாகாக்கள் கேட்கும் பணம் தேவைதானா, சிக்கனம் செய்ய முடியாதா என்று பார்க்கிற குழு அது. அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

இரண்டு காளை, ஒரு பெட்டி

அரசியல் சட்டம் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டது. (18 வயது என்று ஆனது 1989-ல்.) சொத்து வேண்டாம், வரி ரசீது வேண்டாம், படிப்பு வேண்டாம். 1950 ஜனவரி 25-ந் தேதி தேர்தல் கமிஷன் ஏற்பட்டது. சுகுமார் சென் என்ற வங்காள அதிகாரி முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர். அவர் தலையில் விழுந்த சுமை 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். 1934-ல் இருந்த 14 லட்சத்தை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

முதல் வேலை ஜாபிதா தயாரிப்பது. வீடு வீடாகப் போனார்கள். வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்றுதான் எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஜாபிதாவில் இடம் இல்லை என்று சென் கண்டிப்பாக இருந்தார். அதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் அடிபட்டுப் போயிற்று. கடுமைதான். ஆனால், அந்தக் கடுமையால்தான் அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

ஜாபிதா விஷயத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் ஒருவரின் தாய்மொழியைக் கேட்பதில்லை, பூர்வீகத்தையும் கேட்பதில்லை. அவர் சாதாரணமாக எங்கே குடியிருக்கிறார் என்பதையே கேட்கிறது. வேலூரில் பிறந்து சித்தூரில் வாடகை வீட்டில் இருந்து வேலை பார்க்கும் தமிழர் சித்தூரில் வாக்காளர் ஆகலாம். ஓட்டுவதற்குச் சொந்த வீடு தேவையில்லை. ஆனால் இரண்டு ஊரிலும் பெயர் இருக்கக்கூடாது. ஒருவருக்கு ஒரே தொகுதியில், ஒரே ஒரு இடத்தில்தான் பெயர். பொங்கலுக்குப் போகும் ஊரில் ஒன்று, பிழைக்கும் ஊரில் ஒன்று என்று வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. இரண்டிலும் பெயர் இல்லாமல் இருப்பவர்களும் நம்மில் அதிகம். அது தவறல்ல, நஷ்டம்.

முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் 25-ந் தேதி இமாசலப் பிரதேசத்தில் சினி தாலுகாவில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் ஓட்டுப்பதிவு. திருப்பதித் தொகுதியில் அய்யங்கார் காங்கிரஸ் வேட்பாளர். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை சின்னம்.

இன்றைய ஓட்டு யந்திரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் காலத்து ஓட்டுப்பதிவு விசித்திரமாகத் தோன்றும். ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. நாசிக் அச்சகத்தில் அச்சான, ஒரு ரூபாய் நோட்டு அளவுள்ள வெறும் சீட்டு. மறைவிடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாக ஒரு பெட்டி வைத்து, அதில் அவர் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். வாக்காளர் விரலில் மையை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கி, தனியே உள்ளே போய், தனக்குப் பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் போட வேண்டும். முத்திரை குத்தும் வேலை இல்லை. தேசத்தில் 100-க்கு 18 பேருக்குத்தான் எழுத்து தெரிந்திருந்த காலம். காளை எது, குடிசை எது என்று பார்க்கத் தெரிந்தால் போதும் என்று இந்த ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஓட்டையும் இருந்தது. சிலர் சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் மேலே வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்து வருகிறவர் அதைத் தமக்கு வேண்டிய பெட்டியில் தள்ளிவிடலாம். சிலர் பெட்டியை உண்டியலாக எண்ணிக் காசு போட்டார்கள். பூ வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. இந்தக் குறைகளை எல்லாம் பார்த்துத்தான், எல்லாப் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தி ஒரே பெட்டியில் போடும் முறை 1962 பொதுத் தேர்தலில் பரவலாக வந்தது. யந்திரம் 1982-ல் கேரளத்தில் பரவூர் தொகுதியில் முதலில் பரீட்சை பார்க்கப்பட்டு, 2004-ல் எல்லாப் பார்லிமெண்டுத் தொகுதிகளுக்கும் வந்துவிட்டது.

1952-ல் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குக் காற்று எதிராக வீசியது. 75 பார்லிமெண்டு இடங்களில் 35 மட்டுமே அதற்குக் கிடைத்தன. ராயலசீமையிலேயே அனந்தப்பூரில் சட்டசபைக்கு நின்ற சஞ்சீவ ரெட்டி, கம்யூனிஸ்டு வேட்பாளர் நாகி ரெட்டியிடம் தோற்றார். அந்தக் காற்றிலும் திருப்பதியில் அய்யங்கார் கரை சேர்ந்தார். முன்பு வரி கட்டுகிறவர்களின் ஓட்டில் போனவர், இந்தத் தடவை கூலிக்காரர், தாய்மார் எல்லோரும் போட்ட ஓட்டில் டெல்லிக்குப் போனார். போனதும் லோக்சபையின் துணைச் சபாநாயகர்.

அடுத்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தது. சென்னை மாநில எம்.பி.யாகப் போனவர், தொகுதி மாறாமலே ஆந்திர எம்.பி. ஆனார்.

சபாநாயகர் நாற்காலி

1956 பிப்ரவரி 27-ந் தேதி முதல் சபாநாயகர் மவலங்கார் காலமானார். மார்ச் 8-ந் தேதி சபை அய்யங்காரைத் தேர்ந்தெடுத்தது. 1957 தேர்தலுக்குப் பிறகு, மே 11-ந் தேதி, மறுபடியும் அவரே.

சபாநாயகரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுத் தேர்தலில் ஜெயித்த எம்.பி.க்கள் பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகு தங்களுக்குள் ஒருவரை மெஜாரிட்டி ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். உட்கார்ந்த பிறகு அவர் சாதாரணமாக ஓட்டுப் போடக்கூடாது. இரண்டு பக்கமும் சம ஓட்டு விழுந்தால் மட்டும் அவர் ஓட்டு. எதிரியைத் துளைத்தெடுத்த எம்டனுக்கு, பேசாமல் உட்கார்ந்து மற்றவர்களைப் பேச விடுவது சிரமமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவருடைய நகைச்சுவை சபையைக் காப்பாற்றியது.

1957 டிசம்பரில் முந்திரா விவகாரம் அவர் தலைமையில்தான் வெடித்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பணத்தைத் தனியார் ஒருவரின் கம்பெனிப் பங்குகளில் போட்டது ஏன் என்று கேட்டவர் பெரோஸ் காந்தி. அவர் காங்கிரஸ் எம்.பி., பிரதமரின் மருமகன். கேள்விக்கு உள்ளானவர் நிதி மந்திரி, நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஆளும் கட்சி எம்.பி. ஆளும் கட்சி மந்திரியைக் கேள்வி கேட்க, ஆளும் கட்சியில் இருந்து வந்த சபாநாயகர் விவாதத்தை நடத்தினார். விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

1957-ல் அய்யங்கார் ஜெயித்தது சித்தூர்த் தொகுதியில். அது இரட்டைத் தொகுதி. அதாவது ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி.க்கள், வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு உரியது. அய்யங்காரோடு கங்காதர சிவா அந்த இடத்துக்குத் தேர்வானார். இந்த முறையில் ஒரு சிக்கல். தனி இடத்துக்கு உரிய வேட்பாளர்களில் முதலில் வருபவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, மீதி உள்ள எல்லோரிலும் அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பொது இடம். அதே 1957-ல் வடக்கு ஆந்திரத்தில் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு இடத்தையும் மலைவாழ் மக்களைச் சேர்ந்தவர்களே பிடித்தார்கள். தோற்றவர் வி.வி.கிரி. அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் பலிக்கவில்லை. 1961-ல் இரட்டைத் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. கிரி 1969-ல் ஜனாதிபதியே ஆகிவிட்டார் என்பது தனிக்கதை.

எல்லை மசோதா

அய்யங்கார் நாற்காலியில் இருந்த காலத்தில்தான், 1959-ல், ஆந்திர - சென்னை எல்லை மாற்ற மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய போராட்டம் தமிழர்களுக்கு மறக்கக்கூடியதல்ல. படாஸ்கர் சிபாரிசுப்படி 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தாலுகாவும், சித்தூர், புத்தூர் தாலுகாக்களின் சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போயிற்று. திருப்பதி ஆந்திரத்திலேயே இருந்தது. மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்குத்தான் உண்டு. எந்தப் பக்கத்துக் கிராமத்தான் ஆனாலும் அவனுக்குக் கோடு போடுவது டெல்லியில் இருக்கும் அவனுடைய எம்.பி.யும் மற்ற எம்.பி.க்களும்தான். தன் சொந்த ஜில்லாவைத் துண்டு போடும் மசோதா வந்த சபைக்குத் தலைமை வகிக்க வேண்டியவராக அய்யங்கார் இருந்தார். சபாநாயகருக்கு அதில் தனி ஓட்டுக் கிடையாது.

1962-ல் சித்தூரில் மறுபடி ஜெயித்தார். ஆனால் சில வாரங்களில் பீகார் கவர்னராக நியமிக்கப்பட்டார். கவர்னர் எம்.பி.யாக இருக்க முடியாது. ராஜினாமா செய்தார். அந்த வருஷமே சித்தூரில் இடைத்தேர்தல் வந்தது. பொதுத் தேர்தலில் தெனாலியில் தோற்றிருந்த சுதந்திரக் கட்சித் தலைவர் என்.ஜி.ரங்கா இங்கே வந்து நின்று ஜெயித்தார். பல தடவை காங்கிரசுக்கு ஓட்டுப் போட்ட ஜில்லாவில், அதே வருஷத்தில், ஜனங்கள் வேறு மாதிரி போட்டார்கள். (காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்ற சட்டம் 1996-ல்தான் வந்தது.)

பாட்னாவில் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். 1966-67-ல் பீகாரைப் பஞ்சம் வாட்டியது. 1967 தேர்தலில் அங்கே காங்கிரஸ் மெஜாரிட்டியை இழந்தது. முதல் மந்திரி சகாயே மகாமாயா பிரசாத் சின்காவிடம் தோற்றார். மார்ச் 5-ந் தேதி அந்த மகாமாயா பிரசாத்துக்கு, பீகாரின் முதல் காங்கிரஸ் அல்லாத முதல் மந்திரியாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர், காங்கிரசுக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போன கவர்னர் அய்யங்கார். மறுநாள் சென்னையில் அண்ணா பதவியேற்றார்.

அந்த வருஷம் டிசம்பரில் கவர்னர் பதவி முடிந்து அய்யங்கார் திருப்பதிக்கே திரும்பினார். வடமொழி வித்யாபீடத்தின் நிர்வாகத்தில் தலைமைப் பொறுப்பேற்று உழைத்தார். பார்லிமெண்டைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதியிருக்கிறார்.

1977 தேர்தலையும் பார்த்தார். வடக்கே காங்கிரஸ் துடைத்து எறியப்பட்ட அந்தத் தேர்தலில் ஆந்திரத்தின் 42 இடங்களில் 41 காங்கிரசுக்கு. மீதி ஒன்று நந்தியால். அங்கே ஜனதா சார்பில் ஜெயித்தவர், 1952-ல் அனந்தப்பூரில் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டி. அவர் சபாநாயகராகி, சில மாதத்தில் ஜனாதிபதியும் ஆனார்.

மறு ஆண்டு, 1978 மார்ச் 19-ந் தேதி, அனந்தசயனம் அய்யங்கார் காலமானார். வயது 87.

இப்போது திருப்பதி நகரம் திருப்பதி பார்லிமெண்டுத் தொகுதியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே உள்ள திருச்சானூர், சந்திரகிரி சட்டசபைத் தொகுதியோடு சித்தூர் பார்லிமெண்டுத் தொகுதியில் இருக்கிறது. நம்மவர்கள் நிறைந்த நகரியும் குப்பமும் சித்தூரில், சத்தியவேடு திருப்பதியில். அய்யங்கார் நின்று ஜெயித்த இந்த இரண்டு தொகுதிகளும் இன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதிகள். திருப்பதி 1962-ல் இருந்து, சித்தூர் 2009-ல் இருந்து.